செபமாலை டப்பாவுல சுகர் மாத்திரை

எங்கம்மா சுகர் மாத்திரைய வெச்சிருக்கறது ஒரு பழைய செபமாலை டப்பாவுல. வேளாங்கண்ணியில எப்பவோ வாங்குன ரவுண்டு பிளாஸ்டிக் டப்பா, மூடியில இருந்த மாதா படம் தேஞ்சு தேஞ்சு இப்ப முக்காடும் மூக்கும் மட்டுந்தான் தெரியுது. செபமாலைய எடுத்து கழுத்துல போட்டுக்கிட்டாங்க, காலியா கெடந்த டப்பாவுல மாத்திரை ஏறிருச்சு. ஏம்மா ஆஸ்பத்திரியில குடுத்த டப்பா இருக்குதல்லன்னு கேட்டா, "இது மாதாவோட டப்பா கண்ணு, இதுல வெச்சா மறக்கமாட்டேன்"ங்கறாங்க. உண்மையிலயே மறக்கறதில்லீங்க. நாந்தான் மறப்பேன்.

இதை எதுக்கு சொல்றேன்னா, போன வாரம் கோயமுத்தூர் பக்கம் சோமனூர் பேக்கரியில டீ குடிச்சிட்டிருந்தப்ப பழைய கூட்டாளி ஒருத்தன், எங்களாட்டவே தறிகுடோன் வெச்சிருக்கறவன், என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு கேட்டான், "மாப்ள, மூணு வருசத்துக்கு முன்னால கருவாடாட்ட இருந்த, இப்ப மூஞ்சியில களை வந்துருச்சு, நீ கோயில் கோயில்னு போறியே அதுனாலயா, இல்ல மாத்திரையாலயா?" அவன் மாரியம்மனுக்கு தீர்த்தக்கொடம் எடுக்கறவன், கிண்டலுக்கு கேக்கல, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டான். ரெண்டுந்தான்டான்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா வண்டியில வர்றப்ப அது என்னமோ தப்பிச்சு ஓடிவந்த பதிலாட்ட இருந்துச்சு, அதான் உக்காந்து எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், நேரம் இருந்தா படிங்க.

2022ல கூலி உயர்வு கேட்டு கோயமுத்தூர் திருப்பூர் ரெண்டு ஜில்லாவுலயும் தறிக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணுனது இந்தப்பக்கத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்குளுக்கு பதினாறு தறி, எங்கப்பா காலத்துல நாலுல ஆரம்பிச்சது. கூலிக்கு ஓட்டறவன் நெலமை என்னன்னா, பாவு நூல் வேலை குடுக்கற ஜவுளி வியாபாரிங்குளுது, துணி அவங்குளுது, கரண்ட் பில்லும் ஆள் சம்பளமும் பேங்க் டியூவும் மட்டும் நம்முளுது. தறி நின்னுச்சு. நான் பொறந்ததுலருந்து அந்த டக்கடக்க சத்தத்துலயே தூங்கி வளந்தவன், வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவுல ஒத்தச் செவுருதான். சத்தம் நின்னதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது எனக்கு சத்தம் இல்லாம தூக்கம் வராதுன்னு. ராத்திரி ரெண்டு ரெண்டரைக்கு முழிப்பு வந்துரும், காதுக்குள்ள ங்ங்ங்னு ஒரு ரீங்காரம், அப்புறம் வட்டிக்கணக்கு, அப்புறம் புள்ளை காலேஜ் பீஸு, அப்புறம் நெஞ்சு அடைக்கும். ஒருநாள் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, இடது கை மரத்தாப்புல இருக்குதுன்னு சம்சாரத்தை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம், எங்கப்பாவுக்கு நெஞ்சு ஆபரேசன் ஆன குடும்பம் வேற. ஈசிஜி நல்லாருக்குது, ரத்தத்துலயும் ஒண்ணுமில்ல, சுகர் மட்டும் 312. அந்த டாக்டரம்மா ஸ்டெத்தை கழுத்துல போட்டுக்கிட்டே கேட்டாங்க, "மனசுல ஏதாச்சும் போட்டு உருட்டிட்டு இருக்கீங்களா சார்?" நான் இல்லீங்கன்னு சொல்லிட்டு அழுதுட்டேன். நாப்பத்தாறு வயசுல ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அழுதது எனக்கே கேவலமா இருந்துச்சு, சம்சாரம் முந்தானையை எடுத்து குடுத்தா.

அதுவரைக்கும் நான் எப்பேர்ப்பட்ட கிறிஸ்தவன்னு சொல்லிடறேன். ஞாயித்துக்கெழமை பூசைக்கு போவேன், ஆனா உள்ள போகமாட்டேன், வேப்பமரத்தடியில பைக்கை நிறுத்திட்டு நாலு பேரு நூல் வெலை நாயம் பேசிட்டு இருப்போம், நற்கருணை நேரத்துக்கு மணி அடிச்சா மட்டும் தலையை குனிஞ்சுக்கறது. கருமத்தம்பட்டி நோம்பிக்கு, அதான் திருவிழாவுக்கு, தேர் பாக்க போறது, கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டறது. அவ்வளவுதான் நம்ம பக்தி.

வீட்டுல பொழுதோட ஏழு மணிக்கு அம்மா செபமாலை சொல்லுவாங்க, நான் அந்த நேரம் எப்பவும் குடோன்ல இருப்பேன். ஸ்ட்ரைக்ல சோலி இல்லாம திண்ணையில உக்காந்திருந்தவனை பாத்து, "சும்மாதான கெடக்கற, வந்து மறுமொழி சொல்லு"ன்னாங்க. போயி உக்காந்தேன். பக்தியெல்லாம் இல்லீங்க, அம்மா கூப்புட்டாங்க, போனேன்.

மொத நாலு நாள் எப்படா முடியும்னு இருந்துச்சு. செபமாலையில அருள் நிறைந்த மரியே மட்டும் 53 தடவை வருது, சொன்னதையே சொல்லிட்டு இருக்கறதுல என்ன இருக்குதுன்னு தோணுச்சு. ஒரு வாரம் கழிச்சு ஒண்ணு கவனிச்சேன். அம்மா முன்பாதி சொல்லுவாங்க, நாங்க பின்பாதி சொல்லுவோம். அவங்க சொல்றப்ப நாம மூச்சு இழுத்துக்கறோம், நாம சொல்றப்ப ஒரே மூச்சா நீளமா வெளிய விடறோம். இது பாவு ஓடறாப்புல ஒரு ஓட்டம், தறியில நூலை கொண்டு போற நாடா அந்தப்பக்கம் போகுது இந்தப்பக்கம் வருது. பத்துப் பத்து மணியா உருட்டறதுல மூணாவது பத்துக்குள்ள தோளு தானா எறங்கிரும், பல்லைக் கடிச்சிட்டு இருந்தது விட்டுரும், இருபது நிமுசம் முடிஞ்சு எந்திரிக்கறப்ப நெஞ்சுல அந்த இறுக்கம் இருக்காது. ராத்திரி ரெண்டரைக்கு முழிப்பு வந்தாலும் வட்டிக்கணக்கு போடறதுக்கு பதிலா மணிய உருட்ட ஆரம்பிச்சேன். பாதி நாள் ரெண்டாவது பத்துலயே தூங்கிருவேன். செபத்துல தூங்கறது பாவமான்னு அம்மாகிட்ட கேட்டதுக்கு, மீதிய சம்மனசு, அதான் தேவதூதரு, சொல்லிரும்னாங்க. அது சாமியார், அதான் எங்க கோயில் பாதிரியார், சொன்னதா அம்மாவே சொன்னதான்னு தெரியல, ஆனா எனக்கு புடிச்சிருந்துச்சு.

இதை எம்மவன்கிட்ட சொன்னப்ப அவன் போன்ல தேடி ஒண்ணு காட்டுனான். 2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இத்தாலிக்கார டாக்டருங்க எழுதுன ஆராய்ச்சி. நல்லா இருக்கற 23 பேரை உக்கார வெச்சு லத்தீன்ல செபமாலையும், அப்புறம் யோகா மந்திரமும் சொல்ல வெச்சு மூச்சையும் இருதயத்தையும் அளந்திருக்காங்க. ரெண்டுலயுமே மூச்சு நிமுசத்துக்கு ஆறு கிட்ட எறங்கி வந்துருக்குது. நாம சும்மா இருக்கறப்பவே நிமுசத்துக்கு பன்னெண்டுக்கு மேல மூச்சு விடறோம், அப்ப பாதிக்கு பாதி. அந்த வேகத்துல மூச்சு விட்டா ரத்த அழுத்தத்தை ஒடம்பு தானா சரி பண்ணிக்கற சக்தியும் கூடுதாம். மந்திரத்துலயும் அதே பலன்னு இருக்குதே, உனக்கு சங்கடமா இல்லியான்னு பேக்கரி கூட்டாளி கேப்பான். எனக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க. நெஞ்சுக்கூட்டை படைச்சவர் எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான படைச்சிருக்காரு. அப்புறம் ஒண்ணு, எங்கூரு ஆத்தாமாருங்க சொல்ற ஸ்பீடுக்கு ஆறு மூச்செல்லாம் வராது, மெயில் வண்டியாட்ட போவாங்க. நிதானமா சொன்னாத்தான் இந்த கணக்கு.

செபமாலையாலயே எல்லாஞ் சரியாயிருச்சுன்னு இங்க நிறுத்துனா அது பொய்யாயிரும். தூக்கம் கொஞ்சம் வந்துச்சு, ஆனா வெசனம் போகல. காலையில எந்திரிக்கவே புடிக்காது, சாப்பாடு மண்ணாட்ட இருக்கும், ஒருநாள் கெணத்து மேட்டுல நின்னப்ப ஒரு நெனப்பு வந்துச்சு பாருங்க, அதை இன்னிக்கு வரைக்கும் சம்சாரத்துகிட்ட முழுசா சொல்லல. அந்த வாரம் பாவசங்கீர்த்தனம் பண்ண போயி, பாவத்தை சொல்றதுக்கு பதிலா இதைத்தான் சொன்னேன். சாமியார் சின்ன வயசுக்காரர், என்னைய விட பத்து வயசு கம்மி இருக்கும். ஏதோ அஞ்சு பரலோக மந்திரம் சொல்லச் சொல்லுவாருன்னு நெனச்சேன். அவர், "அண்ணா, இது பாவம் இல்ல, இது நோய். நாளைக்கே மனநல டாக்டரை பாருங்க, நான் கூட வரட்டுமா?"ன்னு கேட்டாரு. என்னைய அண்ணான்னு கூப்புட்டது அன்னிக்குத்தான். அவரே வண்டியில கூட்டிட்டு போனாரு, வெளிய ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாரு, பேப்பர் படிச்சிட்டு.

எட்டு மாசம் மாத்திரை சாப்புட்டேன். டாக்டர் சொல்லித்தான் கொறச்சு கொறச்சு நிறுத்துனோம், நானா நிறுத்தல. பைபிள்ல சூரைச்செடிக்கு அடியில படுத்துட்டு சாகறதே மேல்னு சொன்ன எலியா தீர்க்கதரிசி கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா அந்த எட்டு மாசத்துல படிச்சப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. வந்த சம்மனசு அவருக்கு புத்திமதி சொல்லல, விசுவாசம் பத்தலைன்னு திட்டல. எழுப்பி, தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்துச்சு, சாப்புட்டு மறுக்கா தூங்க விட்டுச்சு, அப்புறம் இன்னொருக்கா எழுப்பி சாப்புட வெச்சுச்சு. மலைக்கு போறது, கடவுள் பேசறது எல்லாம் அதுக்கப்புறம்தான். வெசனத்துல இருக்கறவனுக்கு மொத வைத்தியம் தூக்கமும் சோறும்னு பைபிளே சொல்லுதுன்னு எனக்கு அப்பத்தான் ஒறச்சுது.

நம்ம வீட்டுல இன்னொரு வேடிக்கை இருக்குது. நாங்க கத்தோலிக்கர், சம்சாரம் ஈரோட்டுக்காரி, சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை. எங்குளுக்கு செபம், அவங்குளுக்கு ஜெபம். எங்குளுக்கு பூசை, அவங்குளுக்கு ஆராதனை. திருப்பாடல்னு நான் சொன்னா அவ சங்கீதம்பா. ஈரோட்டுல துணி எடுக்க பிரப் ரோடு போறவங்க நெறைய பேருக்கு அந்த பிரப் யாருன்னு தெரியாது, அங்க இருந்த ஆஸ்திரேலியா மிசனரி அவரு, அவர் பேருல சர்ச்சும் இருக்குது. எங்கத்தை, அதாவது சம்சாரத்தோட அம்மா, மிசன் ஆஸ்பத்திரியில ரொம்ப வருசம் நர்ஸா இருந்தவங்க, அந்தக்காலத்து கண்டிப்பு. கைய கழுவாம பைபிளை தொடக்கூடாது, பைபிள் படிக்காம சாப்புடக்கூடாது, சாப்புடாம மாத்திரை போடக்கூடாது, இதான் அவங்க வரிசை.

அவங்க எனக்கு சொல்லிக்குடுத்த ஒரு பாயிண்ட்டை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். பைபிள்ல எசேக்கியா ராஜா சாகப்போறார்னு ஏசாயா தீர்க்கதரிசி சொல்றாரு, ராஜா செவுத்துப்பக்கம் திரும்பிட்டு அழுது ஜெபம் பண்றாரு, கடவுள் கேட்டு 15 வருசம் ஆயுசு கூட்டித் தர்றாரு. எல்லாரும் சாட்சி சொல்றப்ப இதோட நிறுத்திருவாங்க. அடுத்ததா ஏசாயா என்ன சொல்றாருன்னா, அத்திப்பழ அடைய கொண்டாந்து பிளவை மேல பத்து போடுங்க, அப்பத்தான் பொழைப்பாருங்கறாரு. "பாத்தீங்களா மாப்ள, ஆண்டவர் சுகந்தர்றேன்னு வாக்கு குடுத்ததுக்கப்புறமும் பத்து போடச் சொல்லியிருக்காரு. அந்த பத்தை போடமாட்டேன், எனக்கு விசுவாசம் இருக்குதுன்னு ராஜா சொல்லியிருந்தா?" பிளவைன்னா பெரிய கட்டி, சுகர்காரங்களுக்கு முதுகுல வருமே அந்த ராஜபிளவையாட்ட. எனக்கு சுகர் வந்ததுக்கப்புறம் அந்த வசனம் சும்மா வசனமா இல்ல.

அத்தை இதை சொன்னதுக்கு காரணம் இருக்குது. எங்க வீதியில ஒரு மாமா, பேரு வேண்டாம், சுகர் இருவது வருசமா. வெளியூர்லருந்து ஒருத்தர் ஜெபக்கூட்டம் நடத்த வந்தாரு, பந்தல், கீபோர்டு, ஸ்பீக்கர். மாத்திரை சாப்புடறவன் கடவுளை நம்பாதவன்னு மைக்ல சொன்னாரு. மாமா வீட்டுக்கு வந்து எல்லா மாத்திரையும் சாணிக்குழியில கொட்டிட்டாரு. ரெண்டு மாசம் ஒண்ணும் தெரியல, சாட்சி கூட சொன்னாரு. மூணாவது மாசம் செருப்பு கடிச்ச புண்ணு ஆறல, கட்டைவெரலு கறுத்துப்போச்சு. வெரலை எடுத்தாங்க, அப்புறம் பாதி பாதத்தை எடுத்தாங்க. நான் பாக்கப் போனப்ப அவர் கேட்டது எனக்கு நெஞ்சுலயே நிக்குது, "எனக்கு விசுவாசம் பத்தலியோ கண்ணு?" காலை எடுத்ததை விட அந்த கேள்வியை அவர் தலையில ஏத்தி விட்டதுதான் பெரிய அநியாயம். அந்த பிரசங்கியார் அடுத்த ஊருக்கு போயி பந்தல் போட்டுட்டாரு.

அற்புதம் நடக்காதுன்னு நான் சொல்லல. நம்பறவந்தான். ஆனா கத்தோலிக்க திருச்சபையே இதுல எவ்வளவு உசாரா இருக்குதுன்னு பாருங்க. பிரான்சுல லூர்து நகர்ல மாதா காட்சி குடுத்தது 1858ல. கோடிக்கணக்கான பேரு போயிருக்காங்க, அங்கயே 1883லருந்து டாக்டருங்க ஆபீஸ் ஒண்ணு வெச்சு ஒவ்வொண்ணையும் சோதிக்கறாங்க, ஆயிரக்கணக்குல சொகமாச்சுன்னு பதிவானதுல திருச்சபை அற்புதம்னு ஒத்துக்கிட்டது 70ஐ ஒட்டித்தான். நூத்தி அறுபது வருசத்துல. நம்மூர்ல ஒரு ராத்திரி கூட்டத்துலயே அதை விட எச்சா எண்ணிருவாங்க.

இன்னொண்ணு, இது எங்கூரு சமாச்சாரம். மரியோன் பிரெசியாக்குன்னு ஒரு பிரெஞ்சு ஆயர், கோவை மிசனுக்கு பொறுப்பா 1846லருந்து இருந்தவர், கருமத்தம்பட்டியிலதான் தங்கியிருந்தாரு. அப்புறம் ராஜினாமா பண்ணிட்டு போயி ஆப்பிரிக்காவுக்குன்னு 1856ல ஒரு சபையை ஆரம்பிச்சாரு. 1859 மே மாசம் சியரா லியோன்ல ஃப்ரீடவுன்ல கப்பல்லருந்து எறங்குனாரு. அங்க கொசுவால வர்ற மஞ்சக்காய்ச்சல் பரவிட்டிருந்துச்சு. ஆறு வாரத்துல செத்துப்போனாரு, கூடப் போனவங்கள்ல பெரும்பாலானவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. அவரை விட எனக்கும் அந்த மைக்காரருக்கும் விசுவாசம் எச்சுன்னா சொல்ல முடியும்? கொசுவுக்கு விசுவாசம் தெரியாதுங்க. கோயிலுக்குள்ள போறப்பெல்லாம் எனக்கு அந்த மனுசன் நெனப்பு வருது, அவர் நின்ன ஊருலதான நாமளும் நிக்கறோம்னு.

எங்கப்பா ஆபரேசன் கதையை சொல்லிடறேன். 2016ல பைபாஸ். மொத நாள் ராத்திரி சாமியாரை கூட்டிட்டு போனேன், எண்ணெய் பூசி செபிக்க. சாமியாரு அங்கியோட வார்டுக்குள்ள நொழைஞ்சதும் அப்பா மூஞ்சி வெளுத்துருச்சு. எங்க பெரியவங்க பாஷையில அதுக்கு பேரு அவஸ்தை பூசுதல், சாகக்கெடக்கறவனுக்கு கடைசியா பண்றது. இப்ப நோயில்பூசுதல்னு பேரு மாத்தி, பெரிய நோவுல இருக்கற யாருக்கும் பண்ணலாம்னு ஆயி அம்பது அறுவது வருசமாச்சு, ஆனா ஊருக்குள்ள அந்த பயம் போகல. "டாக்டரு உங்கிட்ட என்னடா சொன்னாரு?"ன்னு என்னைய அதட்டறாரு. அப்புறம் சாமியாரு பக்கத்துல உக்காந்து தறி எத்தனை ஓடுது, தொண்ணூத்தி ரெண்டுல கூலி என்னன்னு நாயம் பேசி, சிரிக்க வெச்சு, அப்புறம்தான் எண்ணெய எடுத்தாரு. நெத்தியிலயும் ரெண்டு உள்ளங்கையிலயும். எங்கப்பா கை பாவு பிணைச்சு பிணைச்சு காய்ப்பு காய்ச்ச கை, அதுல அந்த எண்ணெய் மினுமினுன்னு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அவரு தூங்குனாரு. நான் தூங்கல.

செபத்தால ஆபரேசன் நல்லா முடியும்னு கணக்கு போட்டு சொல்ல முடியாதுங்க. அமெரிக்காவுல அதையும் அளந்து பாத்திருக்காங்க, 2006ல வந்த ஆராய்ச்சி, ஆறு ஆஸ்பத்திரியில 1802 பைபாஸ் நோயாளிங்க. முன்ன பின்ன தெரியாதவங்க தனக்காக செபம் பண்றது தெரியாம இருந்தவங்களுக்கும் செபம் இல்லாதவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. உங்களுக்கு செபம் நடக்குதுன்னு முன்கூட்டியே சொல்லப்பட்டவங்களுக்கு சிக்கல் கொஞ்சம் எச்சாவே இருந்துச்சு, நூத்துக்கு 59 பேருக்கு. எங்கப்பா சாமியாரை பாத்து வெளுத்தது எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு, ஐயோ செபம் பண்ற அளவுக்கா போயிருச்சு நம்ம கதைன்னு அந்த அமெரிக்காக்காரனும் பயந்திருப்பான். இதுனால செபம் பொய்யாயிருமான்னா, எனக்கு அப்படி தோணல. பட்டனை அமுக்குனா துணி வர்றாப்புல கடவுளை வெச்சுப் பாக்கக்கூடாதுன்னுதான் தோணுச்சு.

அப்பா ஆஸ்பத்திரியில இருந்த பதினோரு நாளும் எங்க அன்பியத்துக்காரங்க மொறை போட்டு சோறு கொண்டாந்தாங்க. அன்பியம்னா தெரியாதவங்களுக்கு, ஒரு வீதியில இருக்கற இருபது முப்பது கத்தோலிக்க குடும்பம் சேந்து வீடு வீடா செபம் பண்ற கூட்டம். சாதாரண நாள்ல அதுல நடக்கறது பாதி செபம் பாதி சண்டை. ஆனா அன்னிக்கு ஒரு வீட்டுலருந்து கொள்ளு ரசம், ஒரு வீட்டுலருந்து அரிசியும் பருப்பும் போட்ட சோறு, அப்பாவுக்கு உப்பில்லாம தனி தூக்குல. ஒருத்தர் எங்க தறியை பாத்துக்கிட்டாரு, நூல் அறுந்தா கட்டறதுலருந்து. ஹார்வர்டுகாரங்க 74,000 சொச்சம் நர்ஸம்மாக்களை 16 வருசம் பாத்துட்டு 2016ல எழுதுனாங்க, வாரத்துக்கு ஒருதடவைக்கு மேல கோயிலுக்கு போறவங்க சாவு விகிதம் போகாதவங்களை விட 33 சதவீதம் கம்மின்னு. அவங்க பெரும்பாலும் வெள்ளைக்கார கிறிஸ்தவ பொம்பளைங்க, சோமனூர் தறிக்காரனுக்கு அதே கணக்கு வரும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா ஏன் அப்படின்னு அவங்களே தேடுனப்ப கெடச்சதுல முக்கியமானது என்னன்னா சிகரெட்டு கம்மி, வெசனம் கம்மி, கூடமாட நிக்கற ஆளுங்க எச்சு. அந்த மூணாவதை நான் தூக்குச்சட்டியில பாத்திருக்கேன்.

2022க்கு அப்புறம் ரெண்டு மாத்தம் பண்ணுனேன். ஒண்ணு, ஞாயித்துக்கெழமை தறி ஓட்டறதில்ல. முன்னால அரைநாள் ஓட்டிட்டு இருந்தோம். அந்த அரைநாள் கூலி போறது வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு, இப்பவும் இருக்குது, பொய் சொல்லமாட்டேன். ஆனா ஓய்வுநாளை அனுசரிங்கறது கட்டளையில ஒண்ணுன்னு சின்னதுல ஒப்பிச்சிருக்கோம், அது கடவுளுக்கு நாம குடுக்கற லீவுன்னு நெனச்சிட்டு இருந்தேன், நமக்கு அவர் குடுக்கற லீவுன்னு இப்பத்தான் புரியுது. எங்க ஓட்டறவங்களும் பொண்டாட்டி புள்ளைங்களோட இருக்காங்க, எனக்கு காதுல அந்த ரீங்காரமும் கொறஞ்சிருக்குது. ரெண்டு, பூசைக்கு உள்ள போயி உக்காறேன். அம்புட்டுதான். வேப்பமரத்தடிக்காரங்க என்னைய இப்ப சாமியாருன்னு கூப்புடறாங்க.

கோயிலாலயே சுகர் ஏறுதுங்கறதையும் சொல்லிரணும். நோம்பின்னா பிரியாணி, ஞானஸ்தானம்னா பிரியாணி, புதுநன்மைன்னா பிரியாணி, கிறிஸ்மஸுக்கு எட்டு வீட்டுக் கேக்கு, வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. ஒரு நோம்பி முடிஞ்சு பாத்தப்ப எனக்கு 287. மாதா அதை கொறைக்கமாட்டா, நடந்தாத்தான் கொறையும்.

இப்ப அம்மா கதை. 2023 பெரிய வெள்ளி, ஏப்ரல் 7. வெயிலு மண்டைய பொளக்குது. அம்மாவுக்கு எழுபத்தொண்ணு, ஒருசந்தி நோன்புன்னு ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல, ஆனா டப்பாவுல இருந்த மாத்திரைய மட்டும் ஒழுங்கா போட்டுட்டாங்க, ஏன்னா அது மறக்காது. அவங்க போடறதுல ஒண்ணு கிளிமிபிரைடு, சாப்பாடு இல்லாம போட்டா சுகரை தடாலடியா எறக்கி விட்டுரும். ஊருக்குள்ள சிலுவைப்பாதை போயிட்டு இருந்துச்சு, இயேசு சிலுவை தூக்கிட்டுப் போனதை நெனச்சு பதினாலு தலத்துல, அதாவது எடத்துல, நின்னு செபம் பண்ற ஊர்வலம். ஒன்பதாம் தலம், இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார்னு மைக்ல சொல்லி எல்லாரும் முழங்கால் போட்டோம். எல்லாரும் எந்திரிச்சாங்க, அம்மா எந்திரிக்கல. வேர்த்து கொட்டுது, கண்ணு எங்கியோ பாக்குது, ஏதோ ஒளறுறாங்க. பக்கத்துல இருந்த சின்னப்புள்ளை கையில இருந்த மிட்டாயை புடுங்கித்தான் வாயில போட்டோம், அப்புறம் ஒரு வீட்டுலருந்து சக்கரைத் தண்ணி கரைச்சு கொண்டாந்தாங்க. கால்மணி நேரத்துல தெளிஞ்சு, மொதல்ல கேட்டது, "பத்தாந்தலம் ஆயிருச்சா?" அந்த மிட்டாய்க்கார புள்ளை இன்னும் அழுதுட்டுதான் இருந்துச்சு.

சாயங்காலம் சாமியாரு வீட்டுக்கு வந்தாரு. திருச்சபை சட்டப்படி ஒருசந்தி 18 வயசுலருந்து 59 வரைக்குந்தான், சீக்குக்காரங்களுக்கு அதுவும் இல்ல, உங்களுக்கு எப்பவோ லீவு குடுத்தாச்சும்மான்னாரு. அம்மாவுக்கு ரொம்ப கோவம். "ஏஞ்சாமி, எட்டு வயசுலருந்து இருக்கறேன், இப்ப வந்து வேண்டாம்னா? இயேசு சாமி சிலுவையில தொங்கறப்ப நான் இட்லி திங்கறதா?" சாமியாரு சித்த நேரம் பேசாம இருந்துட்டு சொன்னாரு, "புடிச்சதை விடறதுதானம்மா தவம். உங்களுக்கு சாப்புடாம இருக்கறதுதான் புடிச்சிருக்குது. அதை விட்டுருங்க." அம்மா பதில் பேசல, உள்ள போயி காபி போட்டு கொண்டாந்து டொக்குன்னு வெச்சாங்க.

இந்த வருசம் பெரிய வெள்ளி காலையில எட்டு மணிக்கு அடுப்படியில ரெண்டு இட்லிய தட்டுல வெச்சு, பாகக்கா திங்கறவங்களாட்ட மூஞ்சிய வெச்சுக்கிட்டு, "இதையும் ஒப்புக்குடுக்கறேன் ஆண்டவரே"ன்னு சொல்லிச் சொல்லி தின்னாங்க. அப்புறம் டப்பாவ தொறந்து மாத்திரை போட்டாங்க. சிலுவைப்பாதையில நான் பக்கத்துலயே போனேன், கண்ணை எடுக்கல. ஒன்பதாம் தலம் வந்துச்சு. முழங்கால் போட்டோம். அம்மா முந்தானை முடிச்சை அவுத்தாங்க, ஒரு தேங்கா மிட்டாய் எடுத்து வாயில போட்டுட்டு, இன்னொண்ணை பிரிச்சு அந்தப்பக்கம் நின்ன அந்த புள்ளை கையில குடுத்தாங்க, இப்ப அது அஞ்சாவது படிக்குது.